நான்கு மணி நேரத்துக்குச் சில நூல்கள்

டயாலிசிஸ் பிரிவுக்குள் நுழைந்ததும் இடப்புறத்தில், கைகழுவும் தொட்டியை அடுத்து, ஒரு சிறிய இரும்பு அலமாரி நிற்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். முன்பு அதில் பழைய கோப்புகள் இருந்தன. இரண்டு ஆண்டுகளாக அதில் நூல்கள் இருக்கின்றன. அவற்றுள் எதை எடுப்பது என்று நோயாளர்களும் அவர்களுடன் வருவோரும் செவிலியரிடமும் என்னிடமும் கேட்கிறார்கள். காலையில் படுக்கை படுக்கையாகப் பார்த்துவரும் வேளையில் ஒவ்வொருவரிடமும் நின்று இதைப் பேச இயல்வதில்லை. ஆகவே, சொல்ல நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நூல் மருந்தன்று. எந்த நூலும் இரத்தத்திலுள்ள யூரியாவைக் குறைக்காது, பொட்டாசியத்தை வெளியேற்றாது. வாசிப்பு நோயைத் தீர்க்கும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். நான் கண்ட பயன் வேறு வகைப்பட்டது; சிறியது; ஆனால் உண்மையானது. அதை விளக்க ஒரு நோயாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவர் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியவர். இரண்டு மாதங்களில் ஐந்து முறை வராமல் இருந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் அடுத்த தடவை வரும்போது கால் வீங்கி, மூச்சு வாங்கி, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே வந்தார். நான் அவருக்குப் பொட்டாசியத்தைப் பற்றியும், அது கூடினால் இதயத் துடிப்பு எவ்வாறு தடுமாறும் என்பதைப் பற்றியும் விளக்கினேன். அவர் மரியாதையுடன் தலையசைத்தார். மீண்டும் வராமல் இருந்தார். வண்டி வசதி இல்லையா, பணம் இல்லையா என்று கேட்டேன். இரண்டும் இல்லை என்றார். என் கேள்விகள் அத்துடன் தீர்ந்துவிட்டன.

உண்மைக் காரணத்தைக் கண்டறிந்தவர் எங்கள் மூத்த செவிலியர். வடை கட்டி வந்த தாளை அவர் விரித்துவைத்து, நான்கு மணி நேரமும் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பதை அந்தச் செவிலியர் பார்த்திருக்கிறார். "என்ன ஐயா, அதுல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணும் இல்லம்மா. கண்ணத் திறந்தா குழாய்ல ரத்தம் ஓடுறது தெரியுது. மூடினா அதவிடப் பயமா இருக்கு. இந்தத் தாள் இருந்தா கண்ணுக்கு ஒரு வேலை இருக்கு" என்பது அவர் அளித்த விடை. அந்த அச்சத்தாலேயே அவர் வராமல் இருந்திருக்கிறார். ஆண்டுக்கணக்கில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிய மனிதர், அஞ்சுவதாக மருத்துவரிடம் சொல்லக் கூசியிருக்கிறார்.

அடுத்த முறை செவிலியர் தம் வீட்டிலிருந்து ஒரு நூலைக் கொண்டுவந்து கொடுத்தார். அலமாரியின் முதல் நூல் அதுதான். அதன் பெயரைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பிடிக்க ஒரு கை

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். வாரத்துக்கு 12 மணி நேரம். ஆண்டுக்கு 600 மணி நேரத்துக்கும் மேல். நம்மில் பெரும்பாலோர் பள்ளியை விட்ட பின்னர் இவ்வளவு நேரம் ஓரிடத்தில் அசையாமல் இருந்ததில்லை. இந்த நேரத்தை நீங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அதற்குள் என்ன நிகழ வேண்டும் என்பதில் ஒரு பகுதியையேனும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

நூலைத் தெரிவு செய்வதற்கு முன்னர் உடலின் நிலையைக் கருத வேண்டும். ஃபிஸ்டுலா உள்ள கையில் இரண்டு ஊசிகள் ஏற்றப்பட்டிருக்கும். அந்தக் கையை அசைக்கலாகாது. எஞ்சியிருப்பது ஒரு கை. ஆகவே நூல் ஒரு கையால் பிடிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். எடை குறைந்ததாக, மெல்லிய அட்டையுடன், விரித்தால் விரிந்தபடி நிற்பதாக இருத்தல் நலம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வேண்டும் என்று கேட்பவர்கள் பலர். அது ஐந்து பாகங்கள் கொண்டது. ஐந்தையும் ஒன்றாகக் கட்டிய பதிப்பை இங்கே கொண்டுவர வேண்டாம். தனித்தனிப் பாகங்களாக உள்ள பதிப்பில் ஒன்றை மட்டும் கொண்டுவாருங்கள். ஒரு தலையணையை மடியில் வைத்து அதன்மேல் நூலைச் சாய்த்துக்கொள்வதும் உதவும்.

நான்கு மணி நேரமும் ஒரே தன்மையுடையவை அல்ல. தொடக்கத்தில் மனம் தெளிவாக இருக்கும். இடையில் சோர்வு வரும். இறுதி மணியில் சிலருக்கு இரத்த அழுத்தம் தாழும். கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். ஆகவே ஒரே நூலை முழு நேரத்துக்கும் கொண்டுவருவதைவிட இரண்டு வைத்திருப்பது நல்லது.

தெளிவாக இருக்கும் வேளைக்கு

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' தடித்த நூல். ஒரு கைக்கு அடங்காது. ஆயினும் அதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. அதனால் ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் அமர்வுக்கு ஏற்ற அளவில் அமைந்திருக்கிறது. மொத்தம் 122 அத்தியாயங்கள். ஓர் அமர்வுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ நாற்பது வாரங்களுக்கு வரும். உடனிருப்போர் உரக்கப் படிக்க, நோயாளர் கேட்பது இதற்கு ஏற்ற முறை. ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்க முயன்ற ஓர் இளைஞரின் கதை இது. பாடம் சொல்ல ஆள் கிடைக்காத துயரமும், நல்ல ஆசிரியர் கிடைத்த பின் வந்த மகிழ்ச்சியும், வீட்டு வறுமையும், விருந்தும் இதில் உண்டு.

உடனிருப்போருக்கென்று இதில் ஒரு பகுதி இருக்கிறது. 1876ஆம் ஆண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவாவடுதுறையில் நோயுற்றுக் கிடந்த இறுதி நாள்களை விவரிக்கும் பகுதி அது. மாணவராகிய சாமிநாதையருக்கு அப்போது இருபது வயது. உடன் பயின்ற சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணவர் ஆசிரியரைத் தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதையர் திருவாசகம் படிக்கிறார். ஒருவர் உடலைத் தாங்குகிறார். மற்றொருவர் குரலால் துணை நிற்கிறார். நோயாளியின் அருகில் நாம் செய்யக்கூடியவை பெரும்பாலும் இவ்விரண்டுமே என்று அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. சாமிநாதையர் 1942இல் மறைந்தார். தம் வரலாற்றை அவர் எழுதி முடிக்கவில்லை. முற்றுப்பெறாத நூல் என்ற எண்ணம் படிக்கும்போது வருவதில்லை.

அதேபோன்று தெளிவான வேளைக்குரிய மற்றொரு நூல், சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. 1971இல் வெளிவந்த பயண நூல் இது. குடகிலிருந்து பூம்புகார் வரை ஆற்றின் போக்கோடு அவர்கள் செல்கிறார்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கு நெடும் பயணம் எளிதன்று; எங்குச் சென்றாலும் ஓரிரு நாளில் ஓர் இயந்திரத்தின் அருகே திரும்பியாக வேண்டும். செவிலியர் அந்த ஓட்டுநருக்குக் கொடுத்த முதல் நூல் இதுதான். அவர் அதைப் படித்தார் என்பதைவிட அதனுடன் வழக்காடினார் என்பதே பொருந்தும். "இந்த ஊருக்கு இப்படிச் சுத்திப் போக வேண்டியதே இல்ல டாக்டர், ஆத்துக்கரை ரோடு ஒண்ணு இருக்கு" என்று என்னிடம் முறையிட்டார். நூல் எழுதப்பட்ட பின் ஐம்பது ஆண்டுகளில் சாலைகள் மாறிவிட்டதை அவர் பொருட்படுத்தவில்லை.

சிரிப்பதற்கு

வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' மெல்லிய நூல். ஒரு கைக்குப் பொருத்தமானது. மலையாளத்திலிருந்து தமிழில் வந்துள்ளது. அமைதியை நாடிச் சொந்த வீட்டுக்குத் திரும்பும் ஓர் எழுத்தாளர், அண்ணன் தம்பி குடும்பங்களும் குழந்தைகளும் கோழிகளும் நிறைந்த இரைச்சலில் சிக்கிக்கொள்கிறார். அவர் தங்கையின் ஆடு கண்டதையெல்லாம் தின்கிறது. அவர் எழுதிய நூல்களையும் தின்றுவிடுகிறது. மருத்துவமனைப் பொதுக்கூடத்தில் அமைதி தேடிய எவரும் இதைப் படித்தால் சிரிப்பார்கள். இந்நூலைப் பஷீர் 1954இல், மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த காலத்தில் எழுதினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1959இல், அது வெளிவந்தது. நோயுற்றிருக்கும் காலம் மனிதனிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துவிடுவதில்லை என்பதற்கு நான் அறிந்த சான்றுகளுள் இது ஒன்று.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஒரே அமர்வில் முடித்துவிடக்கூடிய சிறுகதை. சென்னைத் தெருவில் கடவுளைச் சந்திக்கும் கந்தசாமிப் பிள்ளை, அவரைக் காபி குடிக்க ஓட்டலுக்கு அழைத்துச் செல்கிறார். தாம் நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்கு அவரிடமே சந்தாவும் கேட்கிறார். உடல்நலம் குறித்து எவரேனும் உங்களிடம் ஏதேனும் விற்க முயன்ற அனுபவம் இருந்தால் இக்கதை கூடுதலாகச் சுவைக்கும். இதை எழுதியவர் காசநோயால் 1948இல், தம் 42ஆம் வயதில் மறைந்தார்.

சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' நம் வீடுகளில் பலருக்கும் தெரிந்த நூல். தமிழ்நாட்டுத் திருமணம் ஒன்றை அமெரிக்காவில் நடத்திப் பார்க்க ஆசைப்படும் ராக்ஃபெல்லர் சீமாட்டியின் கதை. அப்பளம் இடுவதற்குப் பாட்டிமார்களே விமானத்தில் செல்கிறார்கள். அப்பளமும் ஊறுகாயும் உங்களில் பெரும்பாலோருக்கு விலக்கப்பட்டவை. இந்நூலில் மட்டும் வேண்டிய அளவு உண்ணலாம்.

சன்னல் இல்லாத இடத்துக்கு

எங்கள் டயாலிசிஸ் கூடத்தில் சன்னல் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. அதன் அருகிலுள்ள படுக்கைக்கு எப்போதும் போட்டி உண்டு. மற்றப் படுக்கைகளில் இருப்போருக்கு மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலைப் பரிந்துரைக்கிறேன். அவர் இயற்கையியலாளர். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் ஆங்கிலத்தில் தொடர்ந்து எழுதியவர். அவர் தமிழில் எழுதிய கட்டுரைகளைத் சு. தியடோர் பாஸ்கரன் இந்நூலில் தொகுத்திருக்கிறார். கட்டுரைகள் சிறியவை. அரிய காட்டு விலங்குகள் மட்டுமல்லாமல், நாம் அன்றாடம் கண்டும் காணாமல் விடும் பறவைகளும் இவற்றில் வருகின்றன. ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு வீடு திரும்பும் வழியில் மின்கம்பியில் இருக்கும் பறவையை நிமிர்ந்து பாருங்கள். டயாலிசிஸ் முடிந்த மாலையில் வேறெதுவும் செய்யத் தெம்பிராது. பார்ப்பதற்குத் தெம்பு வேண்டியதில்லை.

நான் தவறாகக் கணித்த இரண்டு நூல்கள்

டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' 1886இல் வெளிவந்த குறுநாவல், தமிழிலும் கிடைக்கிறது. மருத்துவம் பயில்வோர் அனைவரும் படிக்க வேண்டியது என்று நான் கருதும் நூல். நோயாளியைச் சுற்றியுள்ளவர்கள் அனைவரும் ஒரு பொய்யைப் பேணிக்கொண்டிருக்க, கெராசிம் என்னும் பணியாள் மட்டும் பொய் பேசாமல் அவர் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு இரவெல்லாம் அமர்ந்திருக்கிறான். எனக்கு மிகவும் பிடித்த நூல் என்பதற்காக, டயாலிசிஸ் தொடங்கி மூன்றே வாரம் ஆகியிருந்த ஒருவரிடம் இதைக் கொடுத்தேன். மறுமுறை வந்தபோது அதைத் தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். "நல்ல புத்தகந்தான் டாக்டர், இப்ப வேண்டாம்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு வேண்டியதை அவருக்கு வேண்டியதாக எண்ணிக்கொண்டது என் பிழை. இந்நூல் அலமாரியில் இல்லை. கேட்பவர்களுக்கு என் அறையிலிருந்து தருகிறேன்.

இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை அலமாரியில் வைக்க நான் நெடுநாள் தயங்கினேன். தண்ணீர்ப் பஞ்சத்தில் சென்னைத் தெரு ஒன்றில் குடத்துடன் அலையும் பெண்களின் கதை அது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்கூடக் குடிக்க அனுமதிக்கப்படாதவர்களிடம் அப்படியொரு தலைப்பை எவ்வாறு நீட்டுவது என்று எண்ணினேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதைத் தாமே வாங்கிக்கொண்டு வந்து படித்தார். ஒரு நாள் என்னை அழைத்தார். "இந்தத் தெருவுல எல்லாரும் அளந்து அளந்துதான் குடிக்கிறாங்க டாக்டர். நான் ஒருத்திதான்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். நாவலில் ஜமுனா என்னும் பெண் உயிரையே வெறுக்கும் ஒரு கட்டம் வருகிறது. நோயுற்ற கணவரைப் பேணியபடி வேலைக்கும் சென்றுவரும் டீச்சரம்மா அவளிடம் தம் வாழ்வைச் சொல்லித் தேற்றுகிறார். மனம் மிகவும் தளர்ந்திருக்கும் நாளில் தொடங்க வேண்டாம். ஓரளவு தெம்புள்ள நாளில் தொடங்குங்கள்.

இவ்விரண்டு பிழைகளாலும் நான் கற்றது, யாருக்கு எந்த நூல் என்பதை மருத்துவர் தீர்மானிக்க இயலாது என்பதே. ஆகவே இக்கட்டுரையையும் மருந்துச் சீட்டாகக் கொள்ள வேண்டாம். பிடிக்கவில்லையெனில் பத்தாம் பக்கத்தில் மூடிவிடுங்கள். மாத்திரையைத்தான் முழுக்காலமும் உட்கொள்ள வேண்டும். நூலுக்கு அந்த விதி இல்லை.

வெளியே காத்திருப்போருக்கு

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் 95ஆவது. அதன் இறுதிக் குறள் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்கிறது: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர். நான்காமவருக்கு எங்கள் மருத்துவமனையில் ஒரு நீண்ட மர இருக்கை மட்டுமே இருக்கிறது. மடியில் பை, பைக்குள் ஃபிளாஸ்க், துண்டு, மருத்துவக் கோப்பு. நோயாளர் உள்ளே கழிக்கும் அதே 600 மணி நேரத்தை இவர்கள் வெளியே கழிக்கிறார்கள்.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்னும் சிறுகதை இவர்களுக்கானது. இராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம் ஒன்றில் மருமகளாகச் செல்லும் தமிழ்ப் பெண், அவ்வீட்டின் இருண்ட சமையலறையையும் அதிலேயே வாழ்வு முழுவதையும் கழித்த பெண்களையும் காண்கிறாள். சிறுநீரக நோயாளிக்குச் சமைப்பதென்றால் என்னவென்று சமைப்பவருக்கே தெரியும்: காயை நறுக்கி மிகுந்த நீரில் வேகவைத்து நீரை வடிப்பது, உப்பில்லாமல் ஒரு குழம்பு, மற்றவர்களுக்கு வேறொரு குழம்பு. கணவருடன் வரும் ஓர் அம்மையாரிடம் இதைக் கொடுத்தேன். "படிக்கத் தெரியும் டாக்டர், படிச்சு முப்பது வருஷம் ஆச்சு" என்று தயங்கியபடி வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் பாதியில் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "பிடிக்காம இல்ல. கோபம் வந்துச்சு. கோபத்தோட போய் அவருக்குச் சோறு போட முடியாதுன்னு ரெண்டு நாள் மூடி வெச்சேன். அப்புறம் முடிச்சிட்டேன்" என்றார். அதன்பின் அவர் மகன் சனிக்கிழமைகளில் தந்தையை அழைத்துவரத் தொடங்கினான். நூலுக்கும் அதற்கும் தொடர்புண்டா என்று நான் கேட்கவில்லை.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையையும் இங்கே சொல்ல வேண்டும். ஜவுளிக்கடையில் வேலை செய்யும் ஒருவர், நோயுற்ற மனைவியைத் துணையெவரும் இல்லாமல் சென்னையில் பேணிக்கொண்டிருந்த கதை. மனைவியின் மரணத்துடனே கதை தொடங்குவதால் அனைவருக்கும் ஏற்றதென்று சொல்லமாட்டேன். ஆனால் நெடுநாள் ஒருவரைப் பேணியவர்களும், பேணி இழந்தவர்களும், தங்கள் களைப்பை இவ்வளவு மிகையின்றி வேறெவரும் எழுதியதில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

உடன் வரும் சிறுவர்களுக்கு தெத்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' இருக்கிறது. ஜப்பானிய மூலம் 1981இல் வெளிவந்தது. இரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த ஒரு பள்ளியைப் பற்றிய உண்மை நினைவுகள். போலியோவால் பாதிக்கப்பட்ட தன் நண்பனை ஒரு மரத்தின்மேல் ஏற்றிவிட டோட்டோ-சான் படும் பாடு, உடல் குறையுள்ளவருடன் எவ்வாறு பழகுவது என்பதை அறிவுரை ஏதுமின்றிக் கற்பிக்கிறது. பிற்பகுதியில் ஒரு மரணமும் போரும் வருகின்றன. சிறு குழந்தைகளுக்குப் பெரியவர்கள் உடனிருந்து படித்துக்காட்டுவது நல்லது.

சில எச்சரிக்கைகள்

நூலை எடுக்கும் முன்னும் வைத்த பின்னும் கைகழுவுங்கள். அட்டைகள் துடைக்கத்தக்க வகையில் உறையிடப்பட்டுள்ளன. இரத்தமோ மருந்தோ பட்டுவிட்டால் மறைக்காமல் செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள், தூசு படிந்த, பூஞ்சை பிடித்த பழைய நூல்களைத் தொட வேண்டாம். பரணிலுள்ள பழைய பெட்டியைத் திறந்து நூல் தேடும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென எழுத்து மங்கினாலோ, வியர்த்தாலோ, குமட்டினாலோ, தொடர்ந்து கொட்டாவி வந்தாலோ அது நூலின் குற்றமென்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட வேண்டாம். இரத்த அழுத்தம் தாழ்வதன் அறிகுறியாக அது இருக்கலாம். உடனே செவிலியரை அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் பக்கத்தின்மேல் கரும்புள்ளிகளோ நூலிழைகளோ மிதப்பதுபோல் கண்டால் அன்றே சொல்லுங்கள். கண்ணின் விழித்திரையில் இரத்தக்கசிவு ஏற்பட்டிருக்கக்கூடும்.

கண்பார்வை குறைந்தவர்களுக்கு ஒலிநூல்கள் உள்ளன. காதில் பொருத்திக் கேட்கும் கருவியைக் கொண்டுவரலாம். எனினும் மனிதக் குரலுக்கு ஈடில்லை. நான் மேலே குறிப்பிட்ட ஓட்டுநரின் அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு நீரிழிவால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. காவிரிப் பயணத்தை முடித்த பின்னர் ஓட்டுநர் அவருக்காக உரக்கப் படிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். இப்போது அவர் குரலைத் தாழ்த்தினால் எதிர்வரிசையிலிருந்து முறையீடு வருகிறது. அவர் டயாலிசிஸைத் தவறவிடுவது நின்றிருக்கிறது. நூல்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். குழாயில் ஓடும் இரத்தத்தைக் கண்டு அஞ்சுவதாக அவர் வாய்விட்டுச் சொன்னதும், அதை ஒருவர் கேட்டதும் காரணமாக இருக்கலாம். வராவிட்டால் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கதை பாதியில் நின்றுவிடும் என்பதும் காரணமாக இருக்கலாம்.

'டோட்டோ-சான்' நூலின் தொடக்கத்தில், பழைய பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட அச்சிறுமி புதிய பள்ளிக்கு வருகிறாள். தலைமையாசிரியர் அவளை எதிரில் அமர்த்தி, சொல்ல விரும்புவதையெல்லாம் சொல் என்கிறார். அவள் சொல்லி முடிக்கும் வரை, நான்கு மணி நேரம், குறுக்கிடாமல் கேட்கிறார். நோயாளரிடம் நான் ஒரே மூச்சில் செலவிடும் நேரம் சில நிமிடங்களே என்பதை அப்பகுதி ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவூட்டுகிறது. அந்த ஓட்டுநரிடம் வண்டியைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் கேட்டேன். அச்சத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போது பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்த பின்னர், என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் கேட்கிறேன். அந்தக் கேள்விக்கு வரும் விடையில், உறக்கம் வராதது, மகனுடன் பேச்சு நின்றுபோனது, அடுத்த மாதத்துக்குப் பணம் இல்லாதது ஆகியவை பலமுறை வெளிவந்திருக்கின்றன.

அலமாரிக்குப் பூட்டு இல்லை, பதிவேடும் இல்லை. வேண்டியதை எடுத்துச் செல்லுங்கள். முடித்த பின்னர்க் கொண்டுவந்து வையுங்கள். வீட்டில் படிக்கப்படாமல் இருக்கும் நல்ல, மெல்லிய, தூசில்லாத நூல்கள் இருந்தால் செவிலியரிடம் கொடுங்கள். இக்கட்டுரையில் நான் சேர்க்காமல் விட்ட நூலின் பெயரை அடுத்த முறை என்னிடம் சொல்லுங்கள். அதை எதற்காகப் படித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள், நின்று கேட்கிறேன்.